எமுலேட்டரில் அச்சீவ்மென்ட் வரவில்லையா? முதலிலிருந்து பார்ப்போம்

கேள்வி இதுதான்: பழைய கன்சோல் கேம்களை ரெட்ரோஆர்க் என்ற எமுலேட்டரில் (பழைய கன்சோலைப் போல நடந்துகொள்ளும் மென்பொருளில்) ஆடுகிறீர்கள். அந்த கேம்களுக்கு அச்சீவ்மென்ட் (கேமில் ஒன்றைச் சாதித்ததற்குக் கிடைக்கும் பதக்கம் போன்ற அடையாளம்) தரும் ரெட்ரோஅச்சீவ்மென்ட்ஸ் தளத்தில் கணக்கு தொடங்கி, எமுலேட்டரிலும் உள்நுழைந்தாயிற்று. சில கேம்களில் அச்சீவ்மென்ட் வருகிறது, சிலவற்றில் ஒன்றுமே வருவதில்லை. ஹார்ட்கோர் என்று ஒன்று இருக்கிறதே, அதை இயக்கலாமா என்பதிலும் குழப்பம்.

சில கேம்களில் வருகிறது என்றாலே கணக்கும் கடவுச்சொல்லும் சரியாக இருக்கின்றன. அதை மறுபடி மறுபடி நோண்ட வேண்டாம். சந்தேகப்பட வேண்டியவை இரண்டு: நீங்கள் திறக்கும் கேம் கோப்பு, அதை ஓட்டும் கோர் (ரெட்ரோஆர்க்குக்குள் கேமை உண்மையில் இயக்கும் பகுதி). பெரும்பாலும் கோப்பில்தான் சிக்கல் இருக்கும். ஏன் என்று புரிய, இந்த ஏற்பாடு உள்ளே எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். அது புரிந்துவிட்டால் பிறகு வரும் எந்தச் சிக்கலையும் நீங்களே அவிழ்த்துக்கொள்வீர்கள்.

அச்சீவ்மென்ட் என்பதைப் பெரிய அளவில் பரப்பியது 2005இல் வந்த எக்ஸ்பாக்ஸ் 360. அதற்கு முந்தைய கன்சோல்களின் கேம்களில் அப்படி எதுவும் எழுதப்படவில்லை. சூப்பர் மாரியோ பிரதர்ஸ் கேமுக்கு நீங்கள் அதன் முதல் உலகத்தை முடித்ததை யாருக்கும் சொல்லத் தெரியாது. 2012இல் தொடங்கிய ரெட்ரோஅச்சீவ்மென்ட்ஸ் அதற்கு ஒரு வழி கண்டது. கேமின் நிரலில் கை வைக்காமல், கேம் ஓடும்போது அதன் நினைவகத்தை வெளியிலிருந்து கவனிப்பது. இதற்கான விதிகளை எழுதுவது சம்பளம் வாங்குபவர்கள் இல்லை. அந்தந்த கேமை நேசிக்கும் தன்னார்வலர்கள்.

மாரியோவையே எடுத்துக்கொள்வோம். நிண்டெண்டோவின் என்இஎஸ் கன்சோலுக்கு உள்ளே இருந்த வேலை நினைவகம் மொத்தமே 2 கிலோபைட். மாரியோவுக்கு எத்தனை உயிர் மிச்சம், எத்தனை நாணயம், எந்த உலகம், எந்தக் கட்டம் என்பதெல்லாம் அதற்குள் ஆளுக்கொரு முகவரியில் உட்கார்ந்திருக்கின்றன. உலக எண் பூஜ்யத்திலிருந்து எண்ணப்படுகிறது. திரையில் உலகம் 1 என்றால் நினைவகத்தில் 0. ஆகவே 'முதல் உலகத்தை முடி' என்ற அச்சீவ்மென்டை இப்படி எழுதலாம்: போன ஃப்ரேமில் (திரையில் வரையப்படும் ஒவ்வொரு படமும் ஒரு ஃப்ரேம்) உலக எண் 0, இந்த ஃப்ரேமில் 1. இரண்டும் சேர்ந்து உண்மையானால் திறந்துவிடு. எமுலேட்டர் இந்தச் சோதனையை ஒவ்வொரு ஃப்ரேமிலும், அதாவது நொடிக்கு ஏறத்தாழ 60 முறை செய்கிறது.

கேட்க எளிதாக இருக்கும். ஆனால் எழுதுபவர் யோசிக்க வேண்டியது நிறைய. மாரியோவின் முகப்புத் திரையில் சும்மா விட்டால் கேம் தானாகவே ஆடிக் காட்டும். அப்போதும் நினைவகத்தில் எண்கள் மாறும். வேடிக்கை பார்த்தவருக்கு அச்சீவ்மென்ட் போய்விடக் கூடாதே! அதனால் 'இப்போது நடப்பது உண்மையான ஆட்டமா, காட்சி ஆட்டமா' என்பதைச் சொல்லும் முகவரியையும் விதியில் சேர்க்க வேண்டும். 'உயிர் போகாமல் முடி' என்றால் உயிர் எண்ணிக்கை குறைந்த நொடியில் இதுவரை எண்ணியதையெல்லாம் அழித்துவிடும் ஒரு நிபந்தனை வேண்டும். கன்சோல் பெரிதாகப் பெரிதாக வேலையும் கூடுகிறது. கேம் பாயில் 8 கிலோபைட், மெகா டிரைவில் 64, சூப்பர் என்இஎஸ்ஸில் 128. முதல் பிளேஸ்டேஷனில் 2 மெகாபைட். பிந்தைய கன்சோல்களில் தகவல் ஒரே முகவரியில் நிலையாக இருப்பதுகூட இல்லை. கட்டம் மாறும்போது இடம் மாறும். அது எங்கே போயிற்று என்று சுட்டும் இன்னொரு முகவரியைப் பிடித்துக்கொண்டு தேட வேண்டும். ஒரு நல்ல அச்சீவ்மென்ட் பட்டியலுக்குப் பின்னால் இவ்வளவு உழைப்பு இருக்கிறது. திரையோரம் எழும் அந்தச் சின்னப் பெட்டியை நான் மதிப்பதற்கு இது ஒரு காரணம்.

இதிலிருந்துதான் மற்ற எல்லாமே வருகிறது. விதிகள் முகவரிகளை நம்பி எழுதப்படுகின்றன. ஒரே கேமின் அமெரிக்கப் பதிப்பிலும் ஜப்பானியப் பதிப்பிலும் முகவரிகள் வேறாக இருக்கலாம். எனவே நீங்கள் திறந்திருப்பது சரியாக எந்தப் பதிப்பு என்று தெரிந்தாக வேண்டும். அடுத்து, எமுலேட்டரின் கோர் தன் நினைவகத்தைக் கவனிப்பவருக்குத் திறந்து காட்ட வேண்டும். மூன்றாவதாக, சேவ் ஸ்டேட்டும் (ஆட்டத்தின் எந்தக் கணத்தையும் அப்படியே சேமித்து மீட்கும் எமுலேட்டர் வசதி) சீட் கோடும் (கேமை ஏமாற்றும் குறியீடு) அதே நினைவகத்தைத்தான் மாற்றி எழுதுகின்றன; அவற்றை அனுமதித்தால் அச்சீவ்மென்டுக்கு என்ன பொருள் என்ற கேள்வி வருகிறது. ஹார்ட்கோர் என்பது அதற்கான பதில்.

சரி, முதலில் கோப்பு.

எமுலேட்டர் உங்கள் கோப்பின் பெயரைப் பார்ப்பதில்லை. அதன் உள்ளடக்கத்திலிருந்து எம்டி5 முறையில் ஒரு ஹாஷை (கோப்பின் கைரேகை போன்ற குறியீட்டை) கணக்கிட்டு, அதைத் தளத்துக்கு அனுப்பிக் கேட்கிறது: 'இது எந்த கேம்?' ஒரே ஒரு பைட் வேறாக இருந்தாலும் ஹாஷ் முழுவதும் மாறிவிடும். அந்த ஹாஷ் தளத்தின் பதிவில் இல்லையென்றால், உங்கள் கண்ணுக்கு அச்சு அசலாக அதே கேம்தான் என்றாலும், 'அடையாளம் தெரியவில்லை' என்றுதான் பதில் வரும். கேம் நன்றாக ஓடும், அச்சீவ்மென்ட் மட்டும் வராது. உங்களுக்கு நடப்பது பெரும்பாலும் இதுவே.

எதை வைத்து ஹாஷ் கணக்கிடுகிறார்கள் என்பது கன்சோலுக்குக் கன்சோல் மாறும். கேம் பாய், கேம் பாய் அட்வான்ஸ், மெகா டிரைவ் போன்றவற்றில் முழுக் கோப்பும் கணக்கில் வரும். இடம் மிச்சம் பிடிக்க யாராவது கேம் பாய் அட்வான்ஸ் கோப்பின் வால் பகுதியை வெட்டியிருந்தால் ஹாஷ் மாறிவிடும். என்இஎஸ் கோப்பில் முன்னால் எமுலேட்டருக்காகச் சேர்க்கப்பட்ட 16 பைட் தலைப்பு இருக்கும். அதை விட்டுவிட்டு மீதியைக் கணக்கிடுவார்கள். சூப்பர் என்இஎஸ் கோப்புகள் சிலவற்றில் பழைய நகலெடுக்கும் கருவிகள் ஒட்டிவைத்த 512 பைட் தலைப்பு உண்டு. அதுவும் கணக்கில் வராது. நிண்டெண்டோ 64 கோப்புகள் மூன்று விதமான பைட் வரிசையில் கிடைக்கும். மூன்றையும் ஒரே வரிசைக்குக் கொண்டுவந்த பிறகே கணக்கு.

சிடியில் வந்த கேம்களுக்கு முழு வட்டையும் கணக்கிட்டால் நேரம் ஆகும் என்பதால் வேறு வழி. பிளேஸ்டேஷன் வட்டில் எந்த நிரலை முதலில் ஓட்ட வேண்டும் என்று சொல்லும் சிறு கோப்பு ஒன்று இருக்கும். அது சுட்டும் முதன்மை நிரலின் பெயரையும் உள்ளடக்கத்தையும் மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். இதனால்தான் வட்டின் நகலை .bin, .cue என்ற பின்–கியூ கோப்பு ஜோடியாக வைத்திருந்தாலும், சுருக்கிய சிஎச்டி (.chd) வடிவில் வைத்திருந்தாலும் ஒரே ஹாஷ் கிடைக்கிறது. வட்டு கேம்களை சிஎச்டியாக மாற்றி வைப்பது நல்லது; இடம் குறையும், ஒரு கேமுக்கு ஒரே கோப்பாகவும் இருக்கும். பின்–கியூவாகவே வைத்திருந்தால் எமுலேட்டரில் திறக்க வேண்டியது கியூ கோப்பை.

காசு போட்டு ஆடும் இயந்திரங்களில் வந்த ஆர்கேட் கேம்கள் தனி உலகம். அங்கே ஹாஷ் கணக்கிடப்படுவது ஜிப் கோப்பின் பெயரிலிருந்து! உள்ளடக்கத்தைத் தொடுவதே இல்லை. எனவே ஆர்கேட் ஜிப்பின் பெயரை அழகுபடுத்தி மாற்றவே கூடாது. பிரித்தும் வைக்கக் கூடாது. மற்ற கன்சோல்களின் கார்ட்ரிட்ஜ் கேம்களை ஜிப்பாக வைத்திருந்தால் ரெட்ரோஆர்க் தானே பிரித்துப் பார்த்துக்கொள்ளும்.

இப்போது செய்ய வேண்டியது இது. அச்சீவ்மென்ட் வராத கேமின் பக்கத்தைத் தளத்தில் திறங்கள். அங்கே அந்தப் பட்டியலோடு ஒத்துப்போகும் கோப்புகள் எவை என்ற தனிப் பகுதி இருக்கும். கோப்பின் பெயர், பதிப்பு, ஹாஷ் எல்லாம் அதில் இருக்கும். உங்கள் கோப்பின் ஹாஷோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முழுக் கோப்பையும் கணக்கிடும் கன்சோல்களுக்கு எந்த எம்டி5 கருவியும் போதும். மற்றவற்றுக்கு, ஓடும் கேமின் ஹாஷை எமுலேட்டரே தன் பதிவுக் கோப்பில் எழுதி வைக்கும். ரெட்ரோஆர்க்கில் லாகிங்கை இயக்கினால் பார்க்கலாம்.

பெயர்களில் ஒரு குறிப்பு கிடைக்கும். கார்ட்ரிட்ஜ் கேம்களுக்கு நோ-இன்ட்ரோ, வட்டு கேம்களுக்கு ரீடம்ப் என்று இரண்டு ஆவணத் திட்டங்கள் இருக்கின்றன. சரியாக நகலெடுத்த கோப்பின் ஹாஷ் எது என்று கேம் வாரியாகப் பதிந்து வைப்பது அவற்றின் வேலை. உங்களிடம் உள்ள கார்ட்ரிட்ஜையோ வட்டையோ நீங்களே நகலெடுத்தால், அந்தப் பதிவோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒத்துப்போனால் அநேகமாக ரெட்ரோஅச்சீவ்மென்ட்ஸிலும் ஏற்கப்படும். தளம் கேம் கோப்புகளைத் தருவதில்லை, எங்கே கிடைக்கும் என்று அங்கே கேட்கவும் கூடாது. ரசிகர்கள் மாற்றியமைத்த கேம்கள், மொழிபெயர்ப்புப் பதிப்புகள் என்றால் எந்த மூலக் கோப்பின் மேல் எந்த பேட்சை, அதாவது மாற்றங்கள் அடங்கிய கோப்பை, போட வேண்டும் என்பது அதே பகுதியில் குறிக்கப்பட்டிருக்கும்.

அடுத்தது கோர். ரெட்ரோஆர்க் என்பது ஒரு சட்டகம் மட்டும். கேமை உண்மையில் ஓட்டுவது நீங்கள் தேர்ந்தெடுக்கும் கோர். ஒரே கன்சோலுக்கு ஐந்தாறு கோர்கூட இருக்கலாம். எல்லாமே நினைவகத்தைத் திறந்து காட்டுவதில்லை. யோசிக்காமல் தேர்ந்தெடுக்க ஒரு தொடக்கம் சொல்கிறேன். என்இஎஸ்ஸுக்கு மெசன் அல்லது எஃப்சிஇயூஎம்எம். சூப்பர் என்இஎஸ்ஸுக்கு ஸ்னெஸ்9எக்ஸ். மெகா டிரைவ், மாஸ்டர் சிஸ்டம், சிடி இணைப்பு எல்லாவற்றுக்கும் ஜெனிசிஸ் பிளஸ் ஜிஎக்ஸ். கேம் பாய்க்கு கேம்பாட்டே, அட்வான்ஸுக்கு எம்ஜிபிஏ. நிண்டெண்டோ 64க்கு மூபென்64பிளஸ்-நெக்ஸ்ட். பிளேஸ்டேஷனுக்கு பீட்டில் பிஎஸ்எக்ஸ். ஆர்கேடுக்கு ஃபைனல்பர்ன் நியோ; மேம் கோரில் ஆர்கேட் அச்சீவ்மென்ட் வராது. உங்கள் சேகரிப்பில் ஆர்கேட் கேம்களுக்கு மட்டும் வரவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

அமைப்பு வேலை உண்மையில் சில நிமிடம்தான். ரெட்ரோஆர்க்கில் செட்டிங்ஸ் உள்ளே அச்சீவ்மென்ட்ஸ் என்ற பகுதிக்குப் போய் அதை இயக்கி, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுக்க வேண்டும். மின்னஞ்சல் முகவரி வேண்டாம், பயனர் பெயர். இந்தக் கணக்குக்கென்று வேறு எங்கும் பயன்படுத்தாத ஒரு கடவுச்சொல்லை வையுங்கள். எமுலேட்டரின் அமைப்புக் கோப்பு பூட்டில்லாத சாதாரண உரைக் கோப்பு. அதைப் பிறரோடு பகிரும்போதும் கவனம் வேண்டும். பிறகு ஒரு கேமைத் திறந்ததும் மூலையில் கேமின் பெயரும், இத்தனையில் இத்தனை அச்சீவ்மென்ட் பெற்றிருக்கிறீர்கள் என்ற வரியும் வந்துபோகும். அந்த வரி வந்தால் எல்லாம் சரி. வராவிட்டால் ஆடத் தொடங்காதீர்கள். பாதி கேம் ஆடிவிட்டு, எதுவுமே பதிவாகவில்லை என்று பிறகு கண்டுபிடிப்பதைப் போல மனம் நொந்துபோகும் விஷயம் வேறில்லை. கேம் ஓடிக்கொண்டிருக்கும்போது குயிக் மெனுவில் அச்சீவ்மென்ட்ஸ் என்பதைத் திறந்தால் முழுப் பட்டியலும் தெரியும்.

அதே பகுதியில் இருக்கும் மற்ற சில தேர்வுகளில் இரண்டைப் பரிந்துரைக்கிறேன். ஒன்று, அச்சீவ்மென்ட் திறக்கும்போது தானாகவே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பது. மற்றது, சவால் நடந்துகொண்டிருக்கும்போது ஓரத்தில் சின்னம் காட்டுவது. 'இந்தத் தலைவனை அடிபடாமல் வீழ்த்து' என்பது போன்ற சவால் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று அந்தச் சின்னம் சொல்லிவிடும். அடி பட்ட கணமே மறைந்துவிடும். வீணாகப் பத்து நிமிடம் ஆடாமல் உடனே மறுபடி தொடங்கலாம். என்கோர் என்ற தேர்வு, ஏற்கெனவே பெற்றவற்றையும் மறுபடி திறக்க வைப்பது. பழைய கேமை மீண்டும் முதலிலிருந்து ஆடுபவர்களுக்கு அது பிடிக்கும்.

இனி ஹார்ட்கோர். இதை இயக்கினால் சேவ் ஸ்டேட்டை ஏற்ற முடியாது, சீட் கோடு இல்லை, பின்னோக்கிச் சுருட்ட முடியாது, வேகத்தைக் குறைத்து ஆட முடியாது. வேகமாக ஓட்டுவதற்குத் தடையில்லை. கேமுக்குள்ளேயே இருக்கும் சேமிப்பு வழக்கம்போல வேலை செய்யும். அந்தக் காலத்தில் கன்சோல் முன்னால் உட்கார்ந்தவருக்கு என்ன வசதி இருந்ததோ, ஏறக்குறைய அதே வசதி உங்களுக்கும். விட்டுவிட்டு நிறுத்தி, ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்தும் தந்திரத்தைத் தடுக்க, அடுத்தடுத்து உடனே பாஸ் செய்வதையும் (ஆட்டத்தை இடையில் நிறுத்தி வைப்பதையும்) எமுலேட்டர்கள் கட்டுப்படுத்துகின்றன. திடீரென்று பாஸ் வேலை செய்யவில்லை என்று பயப்பட வேண்டாம். கண நேரம் கழித்து அழுத்தினால் நிற்கும்.

ஹார்ட்கோர் அணைந்திருந்தால் அது சாஃப்ட்கோர். அதிலும் அச்சீவ்மென்ட் கிடைக்கும். ஆனால் புள்ளிகள் தனிக் கணக்கில் சேரும். லீடர்போர்டு (ஆடுபவர்களின் தரவரிசைப் பட்டியல்) ஹார்ட்கோரில் மட்டுமே. ஒரு கேமின் எல்லா அச்சீவ்மென்டையும் ஹார்ட்கோரில் பெற்றால் 'மாஸ்டர்டு', சாஃப்ட்கோரில் என்றால் 'கம்ப்ளீட்டட்' என்று உங்கள் பக்கத்தில் பதிவாகும். எல்லாவற்றையும் பெறாவிட்டாலும் கதையின் முக்கியக் கட்டங்களைத் தாண்டி கேமை முடித்தால் 'பீட்டன்' என்ற அங்கீகாரம் உண்டு. பட்டியலில் எவை முக்கியக் கட்டம், எது கேமை முடிப்பதற்கானது, எவை தவறவிட்டால் திரும்பக் கிடைக்காதவை என்று தனித்தனிக் குறி போட்டிருப்பார்கள். அந்த மூன்றாவது குறியை மட்டும் ஆடத் தொடங்கும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நீளமான ரோல்பிளேயிங் கேம்களில் ஒரு கிராமத்தை விட்டு வெளியேறிய பிறகு அதற்குள் திரும்ப முடியாமல் போகும் இடங்கள் உண்டு.

இயக்கலாமா என்று கேட்டீர்கள். என் அபிப்பிராயம்: இயக்குங்கள், முதல் நாளிலிருந்தே. காரணம் புள்ளி இல்லை. சாஃப்ட்கோரில் பாதி ஆடிவிட்டு மனம் மாறினால், பெற்றவற்றை ஹார்ட்கோரில் மறுபடி பெற வேண்டும். ஆட்டத்தின் நடுவே ஹார்ட்கோரை இயக்கினால் கேம் ரீசெட்டும் ஆகிவிடும். எதிர்த்திசையில் தொல்லையே இல்லை. ஹார்ட்கோரில் ஆடிக்கொண்டிருக்கும்போது அவசரமாக சேவ் ஸ்டேட் தேவைப்பட்டால், அதைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு சாஃப்ட்கோரில் தொடரலாம். அப்புறம் இன்னொன்று: பத்து நொடிக்கு ஒருமுறை சேவ் ஸ்டேட் போட்டுக்கொண்டே போனால், ஒரு கட்டத்தைக் கற்றுக்கொள்ளும் அனுபவமே நழுவிவிடுகிறது. பழைய கேம்கள் சிறியவை. திரும்பத் திரும்ப ஆடித் தேர்வதற்காக வடிவமைக்கப்பட்டவை. அந்தத் தேர்ச்சி கைக்கு வரும் சுகத்தை நீங்கள் அடைய வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஆனால் இதை எல்லோருக்கும் விதியாகச் சொல்ல மாட்டேன். வேலைக்கு நடுவே கிடைக்கும் கால் மணி நேரத்தில் ஆடுபவருக்கு, விரல் அசைவில் சிரமம் உள்ளவருக்கு, குழந்தையோடு சேர்ந்து ஆடுபவருக்கு சாஃப்ட்கோர்தான் பொருத்தம். அதில் குறைவு எதுவும் இல்லை. சாஃப்ட்கோரில் சேவ் ஸ்டேட் போடும்போது, அதுவரை எண்ணப்பட்ட அச்சீவ்மென்ட் முன்னேற்றமும் அதோடு சேர்ந்தே சேமிக்கப்படும். நூறு எதிரிகளை வீழ்த்து என்பது போன்றவை பாதியில் தொலைந்துபோகாது.

ஹார்ட்கோரில் ஆடுபவர்கள் மறக்கக் கூடாத ஒன்று இருக்கிறது. கேமுக்குள் சேமித்தவுடன் அது உங்கள் சாதனத்தில் கோப்பாக எழுதப்பட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். ரெட்ரோஆர்க் சாதாரணமாக அதை எழுதுவது கேமை முறையாக மூடும்போதுதான். போனில் ஆடிக்கொண்டே வேறு செயலிக்குப் போய், இயங்குதளம் ரெட்ரோஆர்க்கைக் கொன்றுவிட்டால், சேமித்தது போயே போய்விடலாம். சேவ் ஸ்டேட் பாதுகாப்பும் ஹார்ட்கோரில் இல்லை. எனவே செட்டிங்ஸில் சேவிங் பகுதிக்குப் போய், சேவ்ரேம் (கேமுக்குள் சேமித்தது) தானாக எழுதப்படும் இடைவெளி அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அணைந்திருந்தால் சில நொடிகள் என்று வையுங்கள். இந்த ஒரு அமைப்பு பல மணி நேர ஆட்டத்தைக் காப்பாற்றும். கடவுச்சொல் கொடுத்துத் தொடரும் பழைய கேம்களில், கேம் தரும் கடவுச்சொல்லைக் குறித்து வைத்துத் தொடரலாம். ஆனால் சில பட்டியல்களில் குறிப்பிட்ட அச்சீவ்மென்டுகள் கடவுச்சொல் போட்டு நுழைந்தால் திறக்காதபடி எழுதப்பட்டிருக்கும். விளக்கத்தைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள். இன்னொருவர் ஆடிய சேமிப்புக் கோப்பைக் கொண்டுவந்து போடுவது விதிமீறல்.

கோப்பு சரி, கோர் சரி, ஆனாலும் ஹார்ட்கோர் இயக்கத்தில் இருக்க மாட்டேன் என்கிறதா? கோரின் அமைப்புகளைப் பாருங்கள். ஆட்டத்தை எளிதாக்கக்கூடிய சில அமைப்புகள் இருந்தால் ரெட்ரோஆர்க் ஹார்ட்கோரை அனுமதிக்காது. ஸ்னெஸ்9எக்ஸில் படத்தின் அடுக்குகளை மறைப்பது ஒரு உதாரணம். பனியோ இருட்டோ காட்டும் அடுக்கை எடுத்துவிட்டால் மறைந்திருப்பது எல்லாம் தெரிந்துவிடும். இன்னொன்று, நொடிக்கு 60 ஃப்ரேமில் ஓட வேண்டிய கேமை ஐரோப்பிய பால் முறைக்குக் கட்டாயப்படுத்தி 50க்கு இறக்குவது. எப்போதோ எதற்கோ மாற்றிவிட்டு மறந்த அமைப்பாக இருக்கும். கோர் அமைப்புகளை இயல்புநிலைக்குத் திருப்பினால் சரியாகிவிடும். எமுலேட்டர் மிகப் பழைய பதிப்பாக இருந்தாலும் சிக்கல் வரும். புதுப்பித்து வைத்துக்கொள்ளுங்கள், கோர்களையும் சேர்த்து.

இணைய இணைப்பு பற்றியும் சொல்ல வேண்டும். கேமைத் திறக்கும் நேரத்தில் இணைப்பு கட்டாயம். அப்போதுதான் ஹாஷைக் கேட்டு, விதிகளை இறக்கிக்கொள்ள முடியும். திறந்த பிறகு நடுவில் இணைப்பு அறுந்தால் பரவாயில்லை. திறந்த அச்சீவ்மென்டை எமுலேட்டர் கையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும். இணைப்பு திரும்பும் வரை எமுலேட்டரை மூடாமல் இருப்பது உங்கள் பொறுப்பு. பயணத்தில் இணைப்பே இல்லாமல் தொடங்கி ஆடினால் எதுவும் பதிவாகாது. நீங்கள் இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்று உங்கள் பக்கத்தில் தெரியும் அந்த ஒரு வரி 2 நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். ஆடும்போதே அது மாறுகிறதா என்று போனில் பார்த்தால், இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

ரெட்ரோஆர்க்கை விட்டு வெளியே வந்தால், வட்டு கேம்களுக்குத் தனி எமுலேட்டர்கள் நன்றாக இருக்கின்றன. முதல் பிளேஸ்டேஷனுக்கு டக்ஸ்டேஷன், இரண்டாவதற்கு பிசிஎஸ்எக்ஸ்2, பிஎஸ்பிக்கு பிபிஎஸ்எஸ்பிபி, கேம்கியூபுக்கு டால்பின். பிபிஎஸ்எஸ்பிபியில் 2023இல் வந்த 1.16 பதிப்பிலிருந்தும், டால்பினில் 2024 ஜூலையில் வந்த 2407 பதிப்பிலிருந்தும் இந்த வசதி உண்டு. டக்ஸ்டேஷனிலும் பிசிஎஸ்எக்ஸ்2விலும் செட்டிங்ஸில் அச்சீவ்மென்ட்ஸ் பகுதி, பிபிஎஸ்எஸ்பிபியில் செட்டிங்ஸில் டூல்ஸ் பகுதி, டால்பினில் டூல்ஸ் மெனு. ஒவ்வொன்றிலும் ஒருமுறை தனியாக உள்நுழைய வேண்டும், கணக்கு ஒன்றே. பிளேஸ்டேஷன் எமுலேட்டர்கள் பயாஸ் கோப்பு (கன்சோலின் அடிப்படை மென்பொருள்) கேட்கும். அதை உங்கள் கன்சோலிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். பாடோசெரா போல எல்லாம் சேர்ந்து வரும் அமைப்புகளில் அதன் சொந்த மெனுவிலேயே ரெட்ரோஅச்சீவ்மென்ட்ஸ் இருக்கும். அங்கே கொடுத்தால் போதும். உள்ளே இருக்கும் ரெட்ரோஆர்க்கில் மாற்றினால் அடுத்த முறை திறக்கும்போது அழிந்துவிடும்.

பல வட்டுகள் கொண்ட கேம்களுக்கு, எல்லா வட்டின் பெயரையும் வரிசையாக எழுதிய எம்3யூ கோப்பு ஒன்றைச் செய்து அதைத் திறங்கள். வட்டு மாற்ற எமுலேட்டரை மூட வேண்டியதில்லை, சேமிப்பும் ஒரே பெயரில் இருக்கும்.

எதிலிருந்து தொடங்குவது என்றால், உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்த கேமிலிருந்து. முன்பு முடித்த கேமின் பட்டியலைத் திறந்து பார்த்தால், இப்படியும் ஆடலாமா என்று தோன்ற வைக்கும் இரண்டு மூன்று சவால்களாவது இருக்கும். எந்த ஆயுதமும் வாங்காமல், எந்தப் பொருளையும் தொடாமல், மறைந்த வழியைக் கண்டுபிடித்து... தெரிந்த கேம் புதிதாகும் அந்த இடம்தான் இந்த ஏற்பாட்டின் உயிர் என்று நான் நம்புகிறேன். முதல் முறையாக ஆடும் கேம் என்றால், தவறவிடக்கூடியவை எவை என்று மட்டும் பார்த்துவிட்டுப் பட்டியலை மூடிவிடுங்கள். பட்டியலைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு ஆடினால் கேமின் திருப்பங்கள் எல்லாம் முன்கூட்டியே தெரிந்துவிடும். புள்ளியைப் பார்த்து கேம் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒரு அச்சீவ்மென்டுக்கு 1இலிருந்து 100 வரை புள்ளி வைக்கலாம், எழுதியவரின் மதிப்பீட்டைப் பொறுத்தது. அதோடு, எவ்வளவு குறைவான பேர் பெற்றிருக்கிறார்களோ அவ்வளவு கூடும் ரெட்ரோபாயின்ட்ஸ் என்ற இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒரு சவால் உண்மையில் எவ்வளவு கடினம் என்று அறிய அதைப் பார்ப்பது நல்லது.

கடைசியாக, எல்லாம் சரியாக இருந்தும், சொன்னதைச் சரியாகச் செய்தும் ஒரு அச்சீவ்மென்ட் திறக்கவில்லை என்றால், விதியிலேயே ஓட்டை இருக்கலாம். அந்த அச்சீவ்மென்டின் பக்கத்திலிருந்து டிக்கெட் (பிழைப் புகார்) போடும் வசதி இருக்கிறது. எந்த எமுலேட்டர், எந்தக் கோர், எந்தப் பதிப்பு, கேம் கோப்பின் ஹாஷ், ஹார்ட்கோரா சாஃப்ட்கோரா, அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதையெல்லாம் எழுதுங்கள். 'வேலை செய்யவில்லை' என்ற ஒற்றை வரியை வைத்து யாராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. 'இரண்டாவது உயிரில், குதிரையில் ஏறிய நிலையில், தலைவனை வீழ்த்தினேன். திறக்கவில்லை' என்று எழுதினால், அந்த நிலைமையை நினைவகத்தில் அப்படியே உருவாக்கிப் பார்த்து விதியைத் திருத்திவிடுவார்கள். நிகழ்வுக்குச் சற்று முன் எடுத்த சேவ் ஸ்டேட் இருந்தால் கொடுங்கள். ஹார்ட்கோரில் ஸ்டேட்டை ஏற்றத்தான் தடை, எடுத்து வைக்கலாம். படிப்பவர் தன் சொந்த நேரத்தில் அதைச் சரிசெய்பவர் என்பதால் பொறுமையாகவும் மரியாதையாகவும் எழுதுங்கள்.